அழிக்கப்பட்ட முத்திரைகள்: கருமருந்து றிவோல்வர்களில் மூலமும் பிரதியும்

ஒரு பழைய நூலின் முதற்பதிப்பையும் அதன் மறுபதிப்பையும் வேறுபடுத்தி அறிய நமக்குப் பல வழிகள் உள்ளன. தாள், அச்செழுத்து, பதிப்பகத்தின் முகவரி, பின்னட்டையின் விலை என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். ஆனால் இரும்பில் செய்த ஒரு பொருளை, நூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், அதே அளவில், அதே வடிவில் மறுபடியும் செய்தால் எதைக்கொண்டு பிரித்தறிவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சுழல் துப்பாக்கிகளைப் பற்றிச் சில காலமாக நான் வாசித்து வருவதற்கு இந்தக் கேள்விதான் காரணம். முப்பது ஆண்டுகள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாட்டில் இருந்துகொண்டு இப்படியொரு விடயத்தில் மனம் ஈடுபடுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். என்னை இழுத்தது ஆயுதமல்ல, அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்துக்கள்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்று இன்று நாம் அறிந்த, குண்டும் மருந்தும் ஒன்றாய் அடைத்த பித்தளைக் கூடு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தியவை இந்த றிவோல்வர்கள். உருளையிலுள்ள ஆறு அறைகளிலும் முன்பக்கத்தால் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழே தொங்கும் நெம்புகோலால் இறுக்கித் திணிப்பார்கள். பின்பக்கத்தில் ஒவ்வோர் அறைக்கும் கேப் எனப்படும் சின்னஞ்சிறு செப்புத் தொப்பியை மாட்டுவார்கள். சம்மட்டி அந்தத் தொப்பியில் விழுந்ததும் தீப்பொறி உள்ளே பாயும். சாமுவேல் கோல்ட் இதற்கான காப்புரிமையை 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் பெற்றார். அவருடைய முதற் கம்பனி 1842இல் நொடித்துப் போனது. பிறகு மெக்சிக்கோவுடனான யுத்தம் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஹார்ட்போர்ட் நகரில் அவர் கட்டிய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவற்றுள் மிகவும் பேர் பெற்றவை இரண்டு. ஒன்று 1851ஆம் ஆண்டின் 'நேவி', மற்றது 1860ஆம் ஆண்டின் 'ஆர்மி'. முன்னையது இரண்டு இலட்சத்துக்கு மேலும், பின்னையது ஏறத்தாழ இரண்டு இலட்சமும் செய்யப்பட்டன.

நேவியின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். டெக்சாஸ் கடற்படைக்கும் மெக்சிக்கோக் கடற்படைக்கும் இடையே 1843 மே 16இல் நடந்த மோதல் அது. தேதியும் கூடவே பொறிக்கப்பட்டிருக்கும். இந்தச் சித்திரத்தை வரைந்தவர் வோட்டர்மன் ஓர்ம்ஸ்பி. வங்கி நோட்டுக்களுக்குத் தகடு செதுக்குவதுதான் அவருடைய தொழில். நோட்டுக்கள் எப்படி இலகுவாகக் கள்ளத்தனமாகப் பிரதி செய்யப்படுகின்றன என்பதைப் பற்றி 1852இல் ஒரு நூலே எழுதியவர். அப்படிப்பட்ட மனிதரின் கைவண்ணத்தைத் தன் துப்பாக்கியில் ஏற்றியதன் மூலம் கோல்ட் அழகை மட்டும் நாடவில்லை. நகல் செய்பவனுக்கு வேலையைக் கடினமாக்குவதும் அவர் எண்ணமாக இருந்தது. இன்று அதே கப்பல்கள், அதே தேதி, ஓர்ம்ஸ்பியின் அதே பெயர், இத்தாலியில் உருளை உருளையாக உருட்டி அழுத்தப்படுகின்றன. ஓர்ம்ஸ்பி இதைக் கண்டிருந்தால் இன்னொரு நூல் எழுதியிருப்பார்.

நகல் என்பது புதிய நோயுமல்ல. கோல்ட் உயிரோடு இருந்த காலத்திலேயே பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக் கொல்லர்கள் அவருடைய நேவியைப் பார்த்துச் செய்தார்கள். அனுமதி பெற்றுச் செய்தவை 'கோல்ட் பிரெவெத்தே' என்ற பொறிப்புடன் வந்தன. 1853 முதல் 1856 வரை கோல்ட் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலை நடத்தினார். அங்கு செய்தவற்றின் குழலில் 'கேர்ணல் கோல்ட், லண்டன்' என்ற முகவரியும் லண்டன் சோதனை முத்திரைகளும் இருக்கும். அது கிரிமியா யுத்த காலம். உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீதுக்குப் பொன் பதித்த றிவோல்வர் ஒன்றைக் கோல்ட் பரிசளித்தார். ரஷ்யாவின் ஸார் மன்னருக்கும் அவ்விதமே பரிசு போனது. இரு பக்கத்துக்கும் பரிசு, இரு பக்கத்துக்கும் வியாபாரம். ஆயுத வியாபாரி அன்றும் இன்றும் ஒரே சாதிதான்.

இனி பிரதிகளின் கதைக்கு வருவோம்.

1950களின் பிற்பகுதியில் வால் போர்ஜெட் என்ற அமெரிக்கர் இத்தாலிக்குச் சென்றார். உள்நாட்டு யுத்தத்தின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்தது. பழைய துப்பாக்கிகளால் சுட்டு விளையாடும் கழகங்கள் அமெரிக்காவில் பெருகிக்கொண்டிருந்தன. ஆனால் அசல் நேவிகளோ விலையேறிக்கொண்டும் தேய்ந்துகொண்டும் இருந்தன. வட இத்தாலியில் பிரெஷியாவுக்கு மேலே உள்ள திரொம்பியாப் பள்ளத்தாக்கு, இரும்புக் கனியமும் துப்பாக்கித் தொழிலும் நூற்றாண்டுக் கணக்கில் ஊறிப்போன இடம். பெரெட்டா குடும்பம் 1526 முதல் அங்கே குழல் செய்து வருகிறது. அப்பள்ளத்தாக்கின் கார்டோனே என்ற சிற்றூரில் வித்தோரியோ கிரெகொரெல்லி, ஆல்டோ யூபெர்ட்டி ஆகியோரைக் கொண்டு போர்ஜெட் நேவியை மறுபடி செய்வித்தார். தன் கம்பனிக்கும் 'நேவி ஆர்ம்ஸ்' என்றே பெயர் வைத்தார். பிறகு பியெட்டா, ஆர்மி சான் மார்க்கோ, ஆர்மி சான் பாவுலோ என்று அதே பிரதேசத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். 2000ஆம் ஆண்டில் யூபெர்ட்டியைப் பெரெட்டாவே வாங்கிக்கொண்டது. இத்தாலியர் எடுத்த கௌபோய்ப் படங்களில் கதாநாயகன் இடுப்பில் தொங்குபவை பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள்தாம். லியேஜில் 1960களில் செய்த 'சென்டோர்' ஒன்று தனிக்கதை. பெல்ஜியத்தார் தங்கள் பாட்டனார் காலத்து நகல் வேலையையே மீண்டும் எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

இத்தாலியச் சட்டப்படி எந்தச் சுடுகருவியும் அரச சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே விற்பனைக்குப் போகலாம். கார்டோனேயிலுள்ள தேசியச் சோதனைக் கூடம் தேறிய ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துகிறது. முத்திரையின் மேற்பகுதியில் பற்சக்கரத்துக்குள் ஒரு நட்சத்திரம் இருக்கும். அது இத்தாலியக் குடியரசின் சின்னம். அதன் கீழே 'பி', 'என்' என்ற இரண்டு எழுத்துக்கள். 'போல்வெரே நேரா' என்பதன் சுருக்கம் அது. கருமருந்து என்றுதான் பொருள். ஆக ஒரு கோல்ட்டில் இந்த நட்சத்திரமும் இவ்விரு எழுத்தும் தென்பட்டால், அது லிங்கன் காலத்தில் செய்ததல்ல என்று நொடியில் சொல்லிவிடலாம். 1860களில் இத்தாலியக் குடியரசு என்று ஒன்றே கிடையாது. மன்னராட்சியை அகற்றி மக்கள் வாக்களித்தது 1946இல்தான்.

அதைவிடச் சுவையானது ஆண்டுக்குறி. சட்டகத்தில் அல்லது குழலில், சிறு கட்டத்துக்குள் சதுரமாக அடைத்து ஒரு குறி இருக்கும். 1945ஐ ஒன்றெனக் கொண்டு உரோம இலக்கத்தில் எண்ணத் தொடங்கினார்கள். 1954க்குப் பத்து, 1964க்கு இருபது. அதன் பிறகு உரோம இலக்கம் நீண்டுகொண்டே போனதாலோ என்னவோ, 'எக்ஸ்' இரண்டைப் போட்டு அருகில் சாதாரண இலக்கத்தை வைக்கும் வழக்கமும் காணப்படுகிறது. 1974இல் மூன்று 'எக்ஸ்' வந்து முப்பது முடிந்தது. 1975இலிருந்து எழுத்துக்கள் ஆரம்பம். முதலில் 'ஏ' இரண்டு, அடுத்த ஆண்டு 'ஏ', 'பி', அதற்கடுத்து 'ஏ', 'சி' என்று போகும். எல்லா எழுத்தையும் எடுப்பதில்லை. இடையிடையே தாவிச் செல்லும். 1990இல் 'ஏ', 'இசட்'டுடன் முதற் சுற்று முடிய, 1991இல் 'பி' வரிசையும் 2006இல் 'சி' வரிசையும் தொடங்கின. இந்த அட்டவணை கையிலிருந்தால் ஒரு பிரதியின் பிறந்த ஆண்டைச் சொல்வது சாதாரண காரியம். மூலத் துப்பாக்கிக்கு இந்த வசதி இல்லை. அங்கே தொடர் இலக்கத்தை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பிரதி தன் வயதை மறைப்பதில்லை. மறைப்பவர்கள் வேறு யாரோதான்.

செய்தவர் யார் என்பதற்கும் குறிகள் உண்டு. யூபெர்ட்டியின் அடையாளம் எட்டுப்பக்கக் குழலின் வெட்டுமுகத்துக்குள் ஒரு 'யூ'. பியெட்டாவுக்குச் சாய்சதுரத்துள் 'எப்', 'ஏ', 'பி'. சான் பாவுலோவுக்குச் சாய்சதுரத்துள் 'டி', 'ஜி', 'ஜி'. சான் மார்க்கோவுக்கு அதன் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்று. புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். குழலின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அநேகமாக இறக்குமதி செய்த அமெரிக்கக் கம்பனியின் பெயர். ஒரே இறக்குமதியாளர் ஒரு வருடம் ஒருவரிடமும் மறு வருடம் இன்னொருவரிடமும் வாங்குவார். எனவே கண்ணில் படும் பெரிய எழுத்து விற்றவனைச் சொல்லும். நெம்புகோலின் கீழே ஒளிந்திருக்கும் சின்ன எழுத்துத்தான் செய்தவனைச் சொல்லும். 'கருமருந்து மட்டும்' என்ற எச்சரிக்கை வாசகமும் பிரதிகளில் மட்டுமே வரும். 1851இல் அப்படியோர் எச்சரிக்கை எழுதியிருந்தால் வாசித்தவன் சிரித்திருப்பான். வேறு மருந்தே அப்போது இல்லையே.

மூலத்தில் என்ன இருக்கும்? குழலின் மேல் கோல்ட்டின் பெயரும் நியூயோர்க் அல்லது ஹார்ட்போர்ட் முகவரியும், சட்டகத்தின் இடப்புறம் 'கோல்ட்டின் காப்புரிமை' என்ற சொற்களும் இருக்கும். தொடர் இலக்கமோ ஒரே இடத்தில் அல்ல. குழலடி, சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டை, உருளை, ஏன், குழலைப் பிணைக்கும் சிறு ஆப்பில்கூட அந்த இலக்கம் குத்தப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்துவந்தால் விலை ஏறும்.

சில வருடங்களுக்கு முன் லண்டன் சென்றிருந்தபோது, நமது கரையோர ஊரொன்றைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்தார். அவருடைய மாமனார் கப்பலில் வேலை செய்தவர், மௌத்தாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, பழைய சேர்ட் ஒன்றில் சுற்றியபடி ஒரு றிவோல்வர் அகப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் துறைமுகமொன்றில் வாங்கியது, உள்நாட்டு யுத்தத்தில் பாவித்தது என்று மாமனார் எப்போதோ சொன்னதாக மாமி சொன்னார். அதை விற்றால் ஊரிலுள்ள பேத்தியின் படிப்புக்கு உதவுமே என்பது அவருடைய நினைப்பு.

"நானா, நீங்க இதெல்லாம் வாசிக்கிறீங்கதானே, அசலா எண்டு பாத்துச் சொல்லுங்க" என்றார் நண்பர்.

பித்தளைச் சட்டகம். எட்டுப்பக்கக் குழல். உருளையில் கப்பல்கள். குழலின் மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மேற்பட்டையின் விளிம்புகள் நடுவில் மட்டும் மழுங்கியிருந்தன. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோது அங்கே ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தது. தேய்மானம் என்றால் கைபடும் இடத்திலும் உறையில் உரசும் முனையிலும் அல்லவா இருக்க வேண்டும்? யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். உருளை வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு குழலின் வாயை அடிமட்டத்தால் அளந்தோம். பதினொரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட வந்தது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. கோல்ட் நேவியை அங்குலத்தின் நூறில் முப்பத்தாறு பங்கு விட்டத்தில்தான் செய்தார். அது ஒன்பது மில்லிமீற்றரும் கொஞ்சமும். நாற்பத்துநாலு விட்டத்தில் 1851 நேவி என்ற ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறக்கவே இல்லை. அமெரிக்க வாங்குநருக்குப் பெரிய துவாரம் பிடிக்கும் என்பதால் இத்தாலியர் பெற்றெடுத்த பிள்ளை அது.

ஆனாலும் எழுத்தைக் காண வேண்டுமே. நெம்புகோலைக் கீழே இறக்கினோம். குழலின் அடிப்புறத்தில், அரம் போட்டவனின் கண்ணுக்குத் தப்பி, நட்சத்திரமும் 'பி', 'என்' எழுத்துக்களும் இருந்தன. பக்கத்திலே கட்டத்துக்குள் இரண்டு 'எக்ஸ்'சும் ஒரு 7உம். இருபத்தேழு. 1971.

மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, விலை போகுமா?" என்று கேட்டார். நண்பர் என்னைப் பார்த்தார்.

விலை அல்ல அங்கே சிக்கல். பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டம் பழம்பொருளாக வைத்திருக்கும் ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. உண்மையான கோல்ட் நேவி ஒன்றை அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டி வைக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 2021இல் வந்த ஒழுங்குவிதிகள், 1939 செப்டம்பர் 1ஆந் திகதிக்கு முன் செய்ததாக இருக்க வேண்டும் என்று எல்லையும் வகுத்துவிட்டன. 1971இல் கார்டோனேயில் செய்த, சுடக்கூடிய பிரதிக்கு இந்தச் சலுகை கிடையாது. அனுமதிப்பத்திரம் இன்றி வைத்திருப்பது குற்றம். ஒரே தோற்றம், ஒரே எடை. ஒன்று அலங்காரப் பொருள், மற்றது வழக்கு. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 1968இல் அங்கு வந்த மத்திய சட்டம் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துச் சுடுகருவி என்ற வரைவிலக்கணத்துக்கு வெளியே நிறுத்தியது. அதனால் அங்கே இது வெறும் பணப் பிரச்சினை. அமெரிக்காவில் பணத்துக்காக அரம் போட்டவன், லண்டனில் ஒரு விதவையின் அலுமாரிக்குள் குற்றத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

மாமிக்கு விளக்கிச் சொல்ல நேரமெடுத்தது. அவர் கவலைப்பட்டது பொலிசைப் பற்றியல்ல. "அப்ப அவர் எனக்குப் பொய்யா சொன்னார்?" என்றுதான் கேட்டார். இல்லை, அவருக்கு விற்றவன்தான் பொய் சொல்லியிருக்கிறான் என்றேன். அடுத்த நாள் நண்பர் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து விடயத்தைச் சொல்ல, அவர்கள் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொண்டு போனார்கள். சேர்ட்டை மாமி கொடுக்கவில்லை.

முத்திரையை மட்டும் நம்பினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1971இல் கோல்ட் கம்பனியே தன் பழைய நேவியை மறுபடி வெளியிட்டது. பாகங்கள் இத்தாலியில் யூபெர்ட்டியிடமிருந்து வந்தன. மெருகூட்டிப் பூர்த்தி செய்தது அமெரிக்காவில். குழலில் கோல்ட்டின் பழைய முகவரி அப்படியே இருந்தது. 1982 வரை வந்த இவற்றைச் சேகரிப்பாளர்கள் 'இரண்டாம் தலைமுறை' என்பர். 1994 முதல் 2002 வரை புரூக்ளினிலிருந்து வேறொரு நிறுவனம் கோல்ட்டின் அனுமதியோடு வெளியிட்டவை 'மூன்றாம் தலைமுறை'. அவற்றின் கைப்பிடிப் பட்டையில் 1862இல் இறந்துபோன சாமுவேல் கோல்ட்டின் கையெழுத்து இருக்கும். இவை பிரதியா, மூலத்தின் தொடர்ச்சியா என்று சேகரிப்பாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கம்பனியின் பெயர் வைத்திருப்பவன் செய்தால் அது மூலம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தாத்தாவின் கையெழுத்தைப் பேரன் போட்டாலும் அது தாத்தா போட்டதாகாது.

கள்ளர்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வகை. பிரிந்து சென்ற தென் மாநிலங்களிடம் ஆயுதத் தொழிற்சாலைகள் குறைவு. ஜோர்ஜியா மாநிலத்தில் சாமுவேல் கிரிஸ்வோல்ட் என்பவர் பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரங்கள் செய்து செல்வந்தரானவர். பிறந்தது வடக்கே, கோல்ட்டின் சொந்த மாநிலமான கனெக்டிகட்டில். 1862இல் அவர் கன்னிசன் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து இயந்திரத் தொழிற்சாலையைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக மாற்றினார். இரும்பு தட்டுப்பாடு. ஆகவே சட்டகத்தைப் பித்தளையில் வார்த்தார்கள். நேவியைப் பார்த்துச் செய்த நகல்தான், ஆனால் குழல் உருண்டை, விட்டம் முப்பத்தாறு. ஏறத்தாழ 3,700 மட்டுமே வெளிவந்தன. ஆகவே இன்று அவற்றின் விலை பல்லாயிரம் டொலர்.

கிரிஸ்வோல்ட்டின் றிவோல்வரில் செய்தவரின் பெயர் இல்லை. முகவரி இல்லை. தொடர் இலக்கமும் பொருள் விளங்காத ஓரிரு எழுத்துக்களும் மாத்திரமே உண்டு. இதனால் நெடுங்காலம் இவற்றை யார் செய்தார்கள் என்றே அடையாளம் காண முடியாதிருந்தது. இதுவே அரம் போடுபவனுக்கும் வசதியாயிற்று. இத்தாலியப் பித்தளைப் பிரதியின் எழுத்தை எல்லாம் உராய்ந்து நீக்கிவிட்டால், பெயரில்லாத ஒன்று கையில் எஞ்சும். பெயரில்லாமை இங்கே சான்றிதழாகிறது. ஐயம் கொள்பவர் விட்டத்தை அளக்கட்டும், குழலின் உருண்டையைப் பார்க்கட்டும், திருகாணிகளின் புரி மில்லிமீற்றர் அளவுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கட்டும். ஜோர்ஜியாவில் யாரும் மெற்றிக் அளவில் புரி வெட்டவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் இருபத்துநான்கு பேர் என்று பதிவாகியிருக்கிறது. அவர்களில் இருபத்திரண்டு பேர் அடிமைகள். தங்களை அடிமைகளாகவே வைத்திருப்பதற்காகப் போரிட்ட படைக்கு, அவர்கள் பித்தளையை உருக்கி ஊற்றினார்கள், குழல் கடைந்தார்கள், இலக்கம் குத்தினார்கள். அந்த விளங்காத எழுத்துக்களைக் குத்திய கைகளும் அவர்களுடையவையாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சேகரிப்பாளர் நூல்கள் அந்தக் குறிகளைத் தொகுதி அடையாளம், பொருத்துநர் அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. 1864 நவம்பர் 20ஆந் திகதி, ஷெர்மன் தளபதியின் படை கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, வடக்கின் குதிரைப்படைப் பிரிவொன்று கிரிஸ்வோல்ட்வில்லுக்குள் புகுந்து தொழிற்சாலையை எரித்தது. மீண்டும் அதை யாரும் கட்டவில்லை. ஏலத்துக்கு வரும் பித்தளை றிவோல்வர் ஒன்றில் 3,700ஐ வெகுவாகத் தாண்டிய இலக்கம் இருந்தால், நெம்புகோலை இறக்கி அடியில் பாருங்கள்.